பிளேஆஃபில் உங்கள் பிட்சர் ஏன் அடி வாங்குகிறார்

உங்கள் பேஸ்பால் சிமுலேஷன் கேமில், சீசன் முழுக்க 2.80 ஈஆர்ஏ (ஒன்பது இன்னிங்ஸுக்கு பிட்சர் பெயரில் சேரும் சராசரி ரன்) வைத்திருந்த பிட்சர் (பந்து வீசுபவர்), நான்கு பிளேஆஃப் (சீசனுக்குப் பின் வரும் பட்டத்துக்கான சுற்று) ஆட்டங்களில் 22 இன்னிங்ஸ் வீசி 16 ரன் கொடுத்தார், ஈஆர்ஏ 6.55 என்று எழுதியிருந்தீர்கள். அவரை விற்றுவிட வேண்டாம் நண்பரே.

22 இன்னிங்ஸ் மிகச் சின்ன அளவு. அதில் ஐந்து ரன் போன அந்த ஒரு இன்னிங்ஸ் மட்டும் ரன் இல்லாமல் முடிந்திருந்தால் ஈஆர்ஏ 4.50. அப்புறம், பிளேஆஃபில் பலவீனமான அணி எதுவும் எதிரே வராது.

ஆனால் நான் முதலில் பார்ப்பது ஓய்வு நாட்களைத்தான். பிளேஆஃபில் ரொட்டேஷனை, அதாவது முறை வைத்து ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர்களை, மூன்று பேராகச் சுருக்கினீர்களா? அப்படியானால் ஒவ்வொருவருக்கும் ஓய்வு குறையும். நிஜத்திலும் இது நடந்தது. 2014 பிளேஆஃபில் கார்டினல்ஸ் அணிக்கு எதிரான தொடரின் நான்காவது ஆட்டத்தில் டாட்ஜர்ஸ் அணியின் பிட்சர் கிளேட்டன் கெர்ஷா மூன்றே நாள் ஓய்வில் வீசினார். ஆறு இன்னிங்ஸ் வரை ஒரு ரன்கூட இல்லை. ஏழாவதில் இரண்டு பேர் பேஸில் நிற்க, கார்டினல்ஸின் மேட் ஆடம்ஸ் ஹோம் ரன் அடித்தார், மூன்று ரன். டாட்ஜர்ஸ் 2-0 என்று முன்னிலையில் இருந்த ஆட்டம் 3-2 என்று கைவிட்டுப் போனது. அவ்வளவு பெரிய பிட்சருக்கே அந்த நிலை.

ஒரே பேட்டரை மூன்றாம் முறை சந்திக்கும்போது எந்த பிட்சரும் கொஞ்சம் பலவீனப்படுவார். உங்கள் ஆட்ட விவர அட்டையில் (பாக்ஸ் ஸ்கோர்) ரன்கள் ஐந்தாவது, ஆறாவது இன்னிங்ஸில்தான் குவிந்திருக்கிறதா என்று பாருங்கள். அப்படியென்றால் 18 பேட்டர்கள் முடிந்ததும், அதாவது ஒன்பது பேரும் இரண்டு முறை ஆடியதும், ரிலீவரை (மாற்று பிட்சரை) கொண்டு வாருங்கள். ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டரை வெளியேற்றுவது), வாக் (நான்கு தவறான பந்துகளால் பேட்டருக்கு முதல் பேஸைக் கொடுப்பது) விகிதம் சீசனில் இருந்த மாதிரியே இருந்தால், சரி, அடுத்த வருடமும் முதல் ஆட்டத்தை அவரிடமே கொடுங்கள்.