போலீஸ் வரும்வரை கதவைத் திறக்காதீர்கள்

கேள்வி: நான் பெங்களூரில் வேலை பார்க்கிறேன். அப்பாவுக்கு 71 வயது, அம்மாவுக்கு 66. காங்கேயத்தை அடுத்த தோட்டத்து வீட்டில் இருவர் மட்டும் இருக்கிறார்கள். போன மாதம் இரவு ஒன்றரை மணிக்குப் பின்பக்கக் கதவை யாரோ கடப்பாரையால் நெம்பும் சத்தம் கேட்டு அம்மா எனக்குப் போன் செய்தார். நான் இங்கிருந்து 112-க்கு அடித்தேன். போலீஸ் வண்டி வர 40 நிமிடம் ஆனது. அதற்குள் அப்பா அரிவாளை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்து வெளியே போய்விட்டார். வந்தவர்கள் ஓடிவிட்டதால் ஒன்றும் ஆகவில்லை. போலீஸ் ஏன் இவ்வளவு தாமதமாக வருகிறது? அதுவரை என்ன செய்வது? திருடனை வெட்டியிருந்தால் அப்பா மேல் வழக்கு பாய்ந்திருக்குமா? கேமரா வைத்து ஸ்டேஷனோடு இணைத்துத் தருகிறேன் என்று ஒருவர் 48,000 ரூபாய் கேட்கிறார். வாங்கலாமா?

பதில் (ஓய்வுபெற்ற காவல் ஆய்வாளர்):

உங்கள் அப்பா, அம்மா நலமாக இருக்கிறார்கள் என்பதே பெரிய ஆறுதல். ஆனால் அன்று இரவு இரண்டு தவறுகள் நடந்திருக்கின்றன. ஒன்று உங்களுடையது, ஒன்று அப்பாவுடையது.

உங்களுடையதை முதலில் சொல்கிறேன். 112 நாடு முழுக்க ஒரே எண்தான். ஆனால் நீங்கள் எந்த மாநிலத்தில் நின்று அடிக்கிறீர்களோ அந்த மாநிலத்துக்காரர்தான் எடுப்பார். பெங்களூரில் இருந்து அடித்தால் கர்நாடகக் கட்டுப்பாட்டு அறைக்குப் போகும். நடுராத்திரியில் அவருக்குத் திருப்பூர் மாவட்டத்தைப் புரியவைத்து, அவர் அதைத் தமிழ்நாட்டுக்குத் தள்ளிவிட்டு, அங்கிருந்து மாவட்டத்துக்கு வந்து சேர்வதற்குள் எவ்வளவு நேரம் போயிருக்கும்! இதே அழைப்பை அம்மா தன் போனிலிருந்து செய்திருந்தால் அந்தச் சுற்று இருந்திருக்காது. பிள்ளை வெளியூரில், பெற்றோர் ஊரில் என்று இருக்கிற ஒவ்வொரு வீட்டிலும் இந்தத் தவறு நடக்கிறது. அம்மா பிள்ளையைக் கூப்பிடுகிறார், பிள்ளை போலீஸைக் கூப்பிடுகிறார். முதல் அழைப்பு 112-க்கு, இரண்டாவது பக்கத்துத் தோட்டத்துக்கு, மூன்றாவதுதான் உங்களுக்கு. அம்மாவிடம் இதைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். நீங்கள் திருப்பூர் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் தரைவழி எண்ணை எஸ்.டி.டி. குறியீட்டோடு வாங்கிப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். வெளி மாநிலத்தில் இருந்து நேராக அடிக்க உங்களுக்கு அந்த எண்தான் உதவும்.

தமிழ்நாட்டுக்குள் 100 அடித்தாலும் 112 அடித்தாலும் சென்னையில் இருக்கும் மாநிலக் கட்டுப்பாட்டு அறையில்தான் எடுக்கிறார்கள். போனை எடுக்கிற காவலர் காங்கேயம் பக்கம் வந்தே இருக்க மாட்டார். "வீட்டுக்குள்ள திருடன் வந்துட்டான், சீக்கிரம் வாங்க" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தால் அவர் எந்த வண்டியை அனுப்புவார்? மாவட்டம், ஸ்டேஷன், ஊர், தார் ரோட்டை விட்டு எங்கே திரும்புவது, இந்த நான்கையும் இதே வரிசையில் சொல்ல வேண்டும். நான் பணியில் இருந்தபோது ஒரு நகரத்தில் "காந்தி நகர், மூணாவது தெரு" என்று மட்டும் தகவல் வந்தது. அந்த ஸ்டேஷன் எல்லையில் காந்தி நகர் இரண்டு. வண்டி தப்பான காந்தி நகரில் போய் நின்று, அங்கே ஒரு வீட்டுக்காரரை எழுப்பி விசாரித்துக்கொண்டிருந்தது. சரியான வீட்டில் பீரோவை உடைத்து முடித்துவிட்டார்கள். அந்த வீட்டு அம்மாள் மறுநாள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

இன்னொன்று. தகவல் போனதும் ரோந்து வண்டியில் இருப்பவர், அழைத்த எண்ணுக்கே திருப்பி அடித்து வழி கேட்பார். அது தெரியாத எண்ணாக இருக்கிறது என்று பலர் எடுப்பதில்லை. அல்லது மாமன் மச்சான் எல்லோரிடமும் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். வண்டி முக்கு ரோட்டில் வந்து வழி தெரியாமல் நிற்கும். அப்படி ஒரு இரவில் 112-க்கு அடித்த போனில் வேறு யாரிடமும் பேசக் கூடாது, பக்கத்துத் தோட்டத்துக்கும் உங்களுக்கும் இன்னொரு போனில் அடிக்கட்டும். வருகிற அழைப்பு எதுவானாலும் எடுக்க வேண்டும்.

இவ்வளவும் சரியாகச் செய்தாலும் வண்டி பத்து நிமிடத்தில் வந்துவிடும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். கிராமத்துப் பக்கம் இரவில் ஒரு ரோந்து வண்டி பல ஊர்களைச் சுற்றிக்கொண்டிருக்கும். அது ஒரு கோடியில் இருக்கும்போது மறுகோடியில் அழைப்பு வந்தால் தூரத்தை யாரும் சுருக்க முடியாது. எங்காவது திருவிழா, தலைவர் வருகை என்றால் இருக்கிற ஆட்களையும் பந்தோபஸ்துக்கு அள்ளிக்கொண்டு போவார்கள். ஒரு மந்திரி கடந்து போகும் சாலையில் பத்தடிக்கு ஒரு காவலர் நிற்க முடிகிறது, தோட்டங்காட்டுக்கு இரவில் இரண்டு பேரைக் கூடுதலாகப் போட முடியவில்லை என்றால் இது என்ன கணக்கு? எத்தனையோ கூட்டங்களில் கேட்டிருக்கிறேன். குறித்துக்கொள்கிறோம் என்றார்கள்.

அதனால் அரை மணி நேரம் நம் கையில்தான் என்று வைத்துக்கொண்டு திட்டம் போடுங்கள்.

இங்கேதான் அப்பாவின் தவறு வருகிறது. கதவைத் திறந்தது. கடப்பாரையோடு வந்தவன் ஒருவனா நால்வரா என்று உள்ளே இருப்பவருக்குத் தெரியாது. வெளியே இருட்டு, அவன் கண் இருட்டுக்குப் பழகியிருக்கும். வெளிச்சத்தில் இருந்து இறங்கி வருகிற 71 வயதுக்காரர் அவனுக்கு நன்றாகத் தெரிவார், அவன் இவருக்குத் தெரிய மாட்டான். கையில் இருக்கிற அரிவாளை அவன் பிடுங்கினால் அது அவனுடைய ஆயுதம். 2024 நவம்பரில் பல்லடம் அருகே சேமலைகவுண்டம்பாளையத்தில் ஒரே தோட்டத்து வீட்டில் மூன்று பேர் கொல்லப்பட்டதும், 2025-இல் ஈரோடு மாவட்டம் சிவகிரி அருகே வயதான தம்பதி கொல்லப்பட்டதும் உங்கள் பக்கத்து ஊர்க் கதைகள். சிவகிரியில் நடந்தது வெளியே தெரியவே நாட்கள் ஆகின. உங்கள் அப்பாவுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனாலும் கோபம் வந்தால் மனுஷன் கதவைத் திறந்துவிடுகிறார்.

கதவைத் திறக்காமல் என்ன செய்யலாம்? ஒரு அறையைத் தேர்ந்தெடுங்கள். ஜன்னலுக்குக் கம்பி இருக்க வேண்டும். கதவு கெட்டியாக, உள்பக்கம் மேலும் கீழும் இரண்டு தாழ்ப்பாளோடு இருக்க வேண்டும். சார்ஜரோடு இருவர் போனும், ஒரு டார்ச், அப்பாவின் மாத்திரைகள் இரவில் அந்த அறையில்தான். சத்தம் கேட்டால் இருவரும் அங்கே போய்த் தாழ் போட்டுக்கொண்டு, வெளி விளக்குகளை எல்லாம் போட்டுவிட்டு 112-க்கு அடிக்க வேண்டும். விளக்கின் சுவிட்ச் அந்த அறைக்குள் இருக்கும்படி எலக்ட்ரீஷியனை வைத்து மாற்றிவிடுங்கள். பெரிய செலவில்லை. பிறகு சத்தம் போடலாம், தட்டை அடிக்கலாம், "போலீஸ் வந்துட்டிருக்கு" என்று கத்தலாம். அவனுக்கு ஓட வழி இருக்க வேண்டும், அதை அடைக்கக் கூடாது. நகை போனால் போகட்டும் என்று சொன்னால் கோபப்படுவீர்கள், ஆனால் அதைத்தான் சொல்கிறேன்.

வெட்டியிருந்தால் வழக்கு வருமா என்ற கேள்விக்கு ஆளுக்கு ஒரு பதில் சொல்வார்கள். ஊர்ப் பெரியவர் "வீட்டுக்குள்ள வந்தவன வெட்டினா கேஸே இல்ல" என்பார். டீக்கடையில் "தொட்டாலே உள்ளே போட்டுருவான்" என்பார்கள். இரண்டும் தப்பு. இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 41-வது பிரிவு, சூரியன் மறைந்து மீண்டும் உதிப்பதற்குள் வீட்டை உடைத்து நுழைபவனைத் தடுக்கும் உரிமை, தேவைப்பட்டால் அவன் உயிர் போகும் அளவுக்கும் நீளும் என்கிறது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்திலும் இது இருந்தது. ஆனால் இதற்கு ஒரு எல்லை உண்டு. அதைத்தான் யாரும் கேட்க மாட்டார்கள், அதனால் நிதானமாகச் சொல்கிறேன். தடுப்பதற்குத் தேவையான அளவுக்கு மேல் ஒரு அடியும் சட்டத்துக்குள் வராது. போலீஸைக் கூப்பிட நேரம் இருந்தும் கூப்பிடாமல் இறங்கினால் அந்த உரிமையே கேள்விக்குள்ளாகும். வீட்டுக்குள் நுழைந்தவன் உள்ளே இருக்கும்வரைதான் அந்தப் பெரிய உரிமை. அவன் வேலியைத் தாண்டி ஓடிவிட்டான், பின்னால் துரத்திப் போய்ச் சோளக்காட்டில் வைத்து வெட்டினால் அது வேறு வழக்கு. பிடித்துக் கையைக் கட்டித் தென்னை மரத்தில் சாய்த்துவிட்டு, ஊரே கூடி ஆளுக்கு ஒரு அடி போட்டால் அது முழுக்க வேறு வழக்கு. கட்டிப் போட்ட ஆளால் யாருக்கு ஆபத்து? அவன் ஆஸ்பத்திரியில் செத்தால் முதலில் கட்டியவர், கடைசியாக அடித்தவர் எல்லோரும் கொலை வழக்கில் வருவார்கள். வீட்டுக்காரர் பெயர்தான் முதல் வரியில் இருக்கும். பிடித்தவனை ஆறு மணி நேரத்துக்குள் போலீஸிடம் ஒப்படைக்க வேண்டும் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் சொல்கிறது. கட்டியதோடு நிறுத்துங்கள். தண்ணீர் கேட்டால் கொடுங்கள். தற்காப்புக்காகவே வெட்டினேன் என்று காட்ட வேண்டிய பொறுப்பு அப்பா தலையில்தான் விழும், அதற்கு வருடக்கணக்கில் கோர்ட்டுக்கு நடக்க வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்.

இனி அந்த 48,000 ரூபாய். வாங்காதீர்கள், குறைந்தபட்சம் அந்த ஆளிடம் வாங்காதீர்கள். உங்கள் வீட்டுக் கேமராவை ராத்திரி முழுக்கப் பார்த்துக்கொண்டு உட்கார எந்த ஸ்டேஷனிலும் ஆள் கிடையாது. வாசலில் பாரா காவல் நிற்பவர் ஒருவர், உள்ளே எழுத்து வேலை பார்க்கும் ரைட்டர் ஒருவர், அவ்வளவுதான். "ஸ்டேஷனோடு இணைப்பு" என்று அவர்கள் விற்பது பெரும்பாலும் ஒரு சிம் கார்டு போட்ட பெட்டி. சத்தம் வந்தால் நாலு எண்ணுக்குத் தானாக அடிக்கும். அந்தச் சிம்முக்கு ரீசார்ஜ் முடிந்தால் பெட்டி ஊமை. சிலர் ஸ்டேஷன் ஆய்வாளரோடு எடுத்த போட்டோவைக் காட்டி வியாபாரம் செய்கிறார்கள். திறப்பு விழாவில் யாரும் யாரோடும் நிற்கலாம். "எஸ்.பி. ஆபீஸ் அனுமதி வாங்கித் தருகிறேன், அதற்குத் தனியாக ஐயாயிரம்" என்று கேட்டால் வாசலோடு அனுப்பிவிடுங்கள், உங்கள் வீட்டில் கேமரா வைக்க யார் அனுமதியும் வேண்டாம்.

கேமரா நல்லதுதான், விலை குறைந்ததே போதும். ஆனால் பதிவாகும் பெட்டியை டி.வி. ஸ்டாண்டில் வைக்காதீர்கள், திருடன் அதையும் தூக்கிக்கொண்டு போவான். மீட்டர் பெட்டியில் பீஸ் கட்டையைப் பிடுங்கிவிட்டு வேலையைத் தொடங்குபவர்கள் உண்டு, அதனால் மீட்டர் பெட்டிக்குப் பூட்டும் கேமராவுக்குச் சின்ன பேட்டரியும் வேண்டும். நாய் இருக்கிறது என்று நம்பியிருக்காதீர்கள். கறியில் மருந்து வைப்பது பழைய வேலை. இந்தப் பணத்தில் பின்பக்கக் கதவுக்கு வெளியே ஒரு இரும்பு கிரில் கேட் போடுங்கள். அன்று அவன் நெம்பியது கிரில்லாக இருந்திருந்தால் அந்த 40 நிமிடம் முழுக்க வெளியேதான் நின்றிருப்பான்.

போலீஸ் வந்ததும் என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அது முக்கியம். வருகிற இரண்டு காவலர்களுக்கு யார் வீட்டுக்காரர், யார் திருடன் என்று தெரியாது. அவர்களும் பயத்தோடுதான் இறங்குவார்கள். அதனால்தான் சட்டென்று உள்ளே பாயாமல் டார்ச் அடித்து வீட்டைச் சுற்றிவருகிறார்கள். அப்போது கையில் அரிவாளோடு யாரும் எதிரே வந்து நிற்கக் கூடாது. உள்ளேயே இருந்து குரல் கொடுங்கள். வந்திருப்பது போலீஸ்தானா என்று சந்தேகம் இருந்தால் மறுபடி 112-க்கு அடித்து வண்டி வந்துவிட்டதா என்று கேட்டுவிட்டுத் திறக்கலாம். எந்த நல்ல காவலரும் இதற்குக் கோபப்பட மாட்டார். நெம்பிய கதவையும் போட்டுவிட்டுப் போன கடப்பாரையையும் கைரேகைக்காரர் வரும்வரை தொடாதீர்கள். பக்கத்துத் தோட்டத்தார் வந்து "இங்க பாருங்க" என்று தொட்டுத் தொட்டுக் காட்டியே பாதி ரேகை போய்விடும்.

நீங்கள் எழுதியிருப்பதில் புகார் கொடுத்ததாக எதுவும் இல்லை. ஒன்றும் போகவில்லையே என்று விட்டிருப்பீர்கள். இரவில் வீட்டை உடைக்க முயன்றதே குற்றம். எழுதிக் கொடுங்கள். சி.எஸ்.ஆர். என்ற, மனு பெற்றதற்கான ரசீதோடு அனுப்பப் பார்ப்பார்கள், எஃப்.ஐ.ஆர். வேண்டும் என்று கேளுங்கள். அதன் நகலை இலவசமாகத் தர வேண்டும். மறுத்தால் எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அதே புகாரை அனுப்புங்கள். ஸ்டேஷன் வாசலில் "நான் பேசி முடித்துத் தருகிறேன்" என்று வருகிறவருக்குப் பத்துப் பைசா கொடுக்காதீர்கள். புகாரோடு இன்னொரு மனுவும் வையுங்கள்: இரவு ரோந்துக் காவலர் கையெழுத்துப் போடும் பட்டா புத்தகத்தை உங்கள் தோட்டத்திலோ பக்கத்துத் தோட்டத்திலோ வைக்கச் சொல்லி. புத்தகம் இருந்தால் இரவில் ஒரு முறையாவது யாராவது வந்து டார்ச் அடித்துப் பார்ப்பார்கள். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அதில் கடைசிக் கையெழுத்து என்றைய தேதி என்று நீங்களே பார்த்து, தேதி பழையதாக இருந்தால் அன்றே ஆய்வாளரிடம் போய்க் கேளுங்கள்.