தூசி தட்டப்படும் சூப்பர் ஹீரோக்கள்: கேள்வி பதில்

காமிக்ஸ் எழுத ஆசைப்படும் ஒரு கல்லூரித் தம்பி, யாரும் கண்டுகொள்ளாத ஐந்து பழைய சூப்பர் ஹீரோக்களை மறுபடி எழுப்பப்போவதாகப் பட்டியல் அனுப்பியிருந்தார். அதைப் பார்த்துவிட்டு மற்றவர்களும் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். முதலில் தம்பிக்கு.

அண்ணா, பழைய ஹீரோவுக்கு சக்தியை இரண்டு மடங்காக்கி, கதையைக் கொஞ்சம் இருட்டாகக் கொண்டுபோனால் எடுபடுமா?

எடுபடாது தம்பி. சக்தி போதவில்லை என்று எந்த ஹீரோவையும் வாசகர்கள் கைவிட்டதில்லை. 'ஸ்வாம்ப் திங்' எடுத்துக்கொள்ளுங்கள். லென் வெய்னும் பெர்னி ரைட்சனும் படைத்து 1972-ல் தனி இதழாக வந்தது. ஆய்வகம் வெடித்து, உடம்பில் தீயோடு சதுப்பு நிலத்தில் விழும் விஞ்ஞானி அலெக் ஹாலண்ட், செடிகொடிகளால் ஆன உருவமாக எழுந்து வருகிறார். திரும்ப மனிதனாக வழி தேடி அலைகிறார். வழி கிடைத்தால் தொடர் முடிந்துவிடும், அதனால் கிடைக்கவே போவதில்லை என்பது வாசகனுக்குச் சீக்கிரமே புரிந்துவிட்டது. சில ஆண்டுகளில் தொடர் நின்றது. மறுபடி தொடங்கியபோதும் தள்ளாடியது.

1984 தொடக்கத்தில் வந்த 21-ம் இதழில் எழுத்தாளர் ஆலன் மூர் என்ன செய்தார் தெரியுமா? உறைந்து கிடக்கும் அந்த உடம்பை ஒருவர் அறுத்துப் பார்க்கிறார். உள்ளே நுரையீரல் மாதிரி ஒன்று இருக்கிறது, மூச்சு இழுக்காது. மூளை மாதிரி ஒன்று இருக்கிறது, அது யோசிக்கிற உறுப்பே இல்லை. எல்லாமே மனித உறுப்புகளைப் பார்த்துச் செடி செய்துகொண்ட நகல்கள். ஹாலண்ட் அன்றைக்கே செத்துவிட்டார். அவருடைய நினைவை உறிஞ்சிய செடி, தன்னையே ஹாலண்ட் என்று நம்பி இத்தனை நாள் நடமாடியிருக்கிறது! பழைய இதழ்களில் நடந்த ஒரு சம்பவத்தைக்கூட மூர் அழிக்கவில்லை. 'இந்த உடம்புக்குள் என்னதான் இருக்கிறது?' என்று அதுவரை யாரும் கேட்காததை அவர் கேட்டார். உங்கள் பட்டியலில் உள்ள ஐந்து பேரிடமும் அப்படிக் கேட்க என்ன இருக்கிறது என்று எழுதிப் பாருங்கள். ஒன்றும் தோன்றாத ஆளைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

அமெரிக்காவின் பெரிய காமிக்ஸ் நிறுவனங்களான மார்வெலுக்கோ டிசிக்கோ கதையை நேரடியாக அனுப்பலாமா சார்?

வேண்டாம். அவர்களாகக் கேட்காமல் வரும் கதைகளை அவர்கள் படிப்பதில்லை. சொந்தக் கதைகள் நாலு அச்சில் வந்த பிறகு பேச வேண்டிய விஷயம் இது.

1940-களின் அமெரிக்க ஹீரோக்கள் பலருக்கு இப்போது உரிமையாளரே இல்லையாமே? எடுத்து எழுதலாமா?

பாதி உண்மை. 1964-க்கு முன் அமெரிக்காவில் வெளியானவற்றுக்கு 28-வது ஆண்டில் காப்புரிமையைப் புதுப்பித்திருக்க வேண்டும். சின்னப் பதிப்பகங்கள் பல அதைச் செய்யவில்லை. அதனால் 'பிளாக் டெரர்' போன்றவர்கள் அங்கே பொதுச் சொத்து. ஆனால் பெயர் தனி விஷயம், அது வணிக முத்திரையாக வேறொருவரிடம் இருக்கலாம். 1940-லேயே 'டேர்டெவில்' என்று ஒரு ஹீரோ இருந்தார். மார்வெல் 1964-ல் அதே பெயரில் தன் பார்வையற்ற வக்கீலைக் கொண்டுவந்தது. 2008-ல் டைனமைட் நிறுவனம் பழையவரை மீட்டபோது, அந்தப் பெயரை அட்டையில் போடாமல் 'டெத்-டிஃபையிங் டெவில்' என்று மாற்றிக்கொண்டது. தவிர, அங்கே பொதுச் சொத்து என்றால் இங்கேயும் அப்படித்தான் என்று முடிவு கட்டாதீர்கள். நம் சட்டத்தில் படைப்பாளி மறைந்த பிறகு 60 ஆண்டுகள் என்பது பொதுவான கணக்கு.

உரிமை யாரிடம் என்று பார்க்காமல் ஒரு பக்கம்கூட எழுதாதீர்கள். ஒரு பழைய ஹீரோவுக்காக எட்டு மாதம் உட்கார்ந்து 96 பக்கம் எழுதினேன். ஒரு பதிப்பகம் எல்லாம் சரி என்று சொல்லியிருந்தது, நானும் நம்பினேன். உரிமை வேறொருவரிடம் இருந்தது. அந்தக் கட்டு இன்னும் பீரோவில் இருக்கிறது.

டிசிக்கு அனுப்ப ஈமெயில் முகவரி கிடைக்குமா?

மேலே சொல்லிவிட்டேன்.

சைவம் பேசுகிற சூப்பர் ஹீரோ விலைபோவாரா?

போயிருக்கிறார். 1965-ல் வந்து மறக்கப்பட்ட 'அனிமல் மேன்', விலங்குகளின் திறனைக் கடன் வாங்குகிறவர். கடன் கொடுத்த விலங்குக்கு இவர் என்ன திருப்பிக் கொடுத்தார் என்று 1988-ல் எழுத்தாளர் கிராண்ட் மாரிசன் யோசித்தார். நாலு இதழ் என்று திட்டமிட்ட கதை நீண்ட தொடராகிவிட்டது.

ஓவியம் கற்க எந்த பேனா வாங்கலாம்?

என் துறை இல்லை. ஓவியர்களைக் கேளுங்கள்.

நம்ம இரும்புக்கை மாயாவியைப் புதுசாக்கினால் என்ன? கையில் ஏஐ, மறைய ஒரு பட்டன். இன்னும் எதற்கு ஷாக்? (மதுரை வாசகர்)

ஐயோ, ஷாக்கைத் தொடாதீர்கள்! மாயாவியான லூயிஸ் கிராண்டேல் மின்கம்பியில் கை வைக்கிற அந்த ஒரு கட்டத்துக்காகத்தான் நாங்கள் பக்கம் புரட்டினோம். பல்லைக் கடிப்பார், உடம்பு துடிக்கும், அப்புறம் வெறும் கை மட்டும் காற்றில் மிதக்கும். வலி கொடுத்து வாங்குகிற சக்தி அது. பட்டன் வைத்தால் அது டிவி ரிமோட். மறையாத அந்தக் கையும் முக்கியம். முழுதாக மறைய முடியாதவன் என்பதில்தான் கதையே இருக்கிறது. நான் எழுதினால் அவருடைய திருட்டுக் காலத்திலிருந்து தொடங்குவேன்.

மாயாவி திருடரா? சின்ன வயசிலிருந்து படிக்கிறேன், அவர் நிழற்படை உளவாளி. தப்பாக எழுதாதீர்கள். (அதே மதுரை வாசகர். இதே கோபத்தோடு இன்னும் மூன்று பேர்.)

கோபம் புரிகிறது, எனக்கும் அவர் அதே மாயாவிதான். ஆனால் 1962-ல் பிரிட்டனின் 'வேலியன்ட்' இதழில் தொடங்கிய முதல் கதையில் அவர் குற்றவாளியாகத்தான் திரிகிறார். நிழற்படை பிற்பாடு வந்தது. 1972-ல் முத்து காமிக்ஸ் தன் முதல் இதழாக அவரைக் கொண்டுவந்ததால் நமக்கு அவர் வீட்டு மனிதர் ஆகிவிட்டார். நல்லவராகவே பிறந்தவரைவிட, மறைய முடிந்ததும் திருடி, பிறகு திருந்தியவர் எனக்கு நெருக்கமானவர். அந்த மாற்றம் நடந்த இரவை யாராவது முழுதாக எழுதியிருக்கிறார்களா? அதுதான் நான் கேட்க நினைப்பது. ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள்: உரிமை இப்போது பிரிட்டனின் ரெபெலியன் நிறுவனத்திடம். அனுமதி வாங்காமல் அச்சிடாதீர்கள்.

என் பேட்மேன் கதையை யாருக்கு...

யாருக்கும் அனுப்பாதீர்கள். இது மூன்றாவது முறை. தயவுசெய்து மேலே படியுங்கள்.

அண்ணா, பட்டியலில் இப்போது ஒருவர்தான் மிச்சம். எங்கே தொடங்குவது? (கல்லூரித் தம்பி)

ஒருவர் போதும் தம்பி. பிறப்புக் கதை வேண்டாம், அதை எல்லாரும் எழுதுகிறார்கள். நாலு பக்கம், பக்கத்துக்கு ஐந்தாறு கட்டம். மூரும் மாரிசனும் பிரிட்டனின் '2000 ஏடி' இதழில் இப்படிக் குட்டிக் கதைகள் எழுதித்தான் கை பழகினார்கள். முதல் பக்கத்தில் அவர் ஒரு சாதாரண வேலை செய்துகொண்டிருக்கட்டும், நாலாவது பக்கத்தில் அதே வேலை பயமுறுத்தட்டும். பெயரையும் உடையையும் மாற்றி உங்கள் சொந்த ஆளாக எழுதி, ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்புங்கள். நான் படிக்கிறேன்.