அமெரிக்காவில் 'கண்ட்ரி' என்று வழங்கும் வெகுமக்கள் இசையும் அந்நாட்டின் நாட்டுப்புறப் பாடல்களும் ஒன்றுதானா? வேறெனில், எதில் வேறுபடுகின்றன?

பிடில், பாஞ்சோ என்னும் தந்தி இசைக்கருவி, கிதார் ஆகிய கருவிகளும், காதல், சாவு, இறைப்பற்று, பிரிந்துவந்த வீட்டின் ஏக்கம் ஆகிய பாடுபொருள்களும் இரண்டுக்கும் பொதுவாக இருப்பதால், காதால் கேட்டு மட்டும் அவற்றைப் பிரித்தறிவது கடினம். ஒரு பாட்டு எப்படிப் பரவுகிறது, யாருக்கு உரிமையாகிறது என்பதில்தான் வேறுபாடு இருப்பதாக நான் கருதுகிறேன்.

'பார்பரா ஆலன்' என்ற கதைப்பாடலை 1666ஆம் ஆண்டிலேயே லண்டனில் அரசு அதிகாரியான சாமுவேல் பீப்ஸ் தம் நாட்குறிப்பில் குறிப்பிட்டிருக்கிறார். குடியேறியவர்களோடு அது கிழக்கு அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப்பகுதிக்கு வந்து, ஊருக்கு ஊர் மெட்டும் அடிகளும் மாறி வாழ்ந்தது. 1916 முதல் 1918 வரை அங்கே பாடல் சேகரித்த ஆங்கிலேயரான செசில் ஷார்ப் அதன் பல வடிவங்களைப் பதிவு செய்தார். அவற்றுள் எதையும் மூலம் என்றோ பிழை என்றோ சொல்ல முடியாது.

கண்ட்ரி இசையோ இசைத்தட்டோடும் வானொலியோடும் வளர்ந்த தொழில். 1927ஆம் ஆண்டு டென்னசி, வர்ஜீனியா எல்லையிலுள்ள பிரிஸ்டல் நகரில் விக்டர் இசைத்தட்டு நிறுவனத்துக்காகத் தயாரிப்பாளர் ரால்ஃப் பீர் நடத்திய ஒலிப்பதிவில்தான் கண்ட்ரி இசையின் முன்னோடிகளான கார்ட்டர் குடும்பத்தாரும் ஜிம்மி ராட்ஜர்ஸும் முதன்முதலாகப் பதிவாயினர். பாடல்களின் பதிப்புரிமையே பீரின் வருவாய் என்பதால், பிறர் உரிமை கோராத பாடல்களையே அவர் தேடினார். அவற்றைத் திரட்டுவதற்காகக் கார்ட்டர் குடும்பக் குழுவின் ஏ. பி. கார்ட்டர் மலையூர்களில் அலைந்தபோது, கறுப்பினக் கிதார் கலைஞரான லெஸ்லி ரிடில் உடன் சென்று மெட்டுகளை மனத்தில் பதித்துக்கொண்டு வந்தார். தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடங்களே ஓடும் என்பதால் நீண்ட பாட்டுகள் சுருக்கப்பட்டன. ஊரார் பாடிவந்தவற்றுள் பல கார்ட்டரின் பெயரில் பதிவாயின. ரிடிலுக்கோ உரிய பெயரும் பங்கும் கிடைக்கவில்லை. இந்த இசையை எவ்வளவு நேசித்தாலும், இந்த அநீதியைச் சொல்லாமல் அதன் வரலாற்றைச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

பிறகு கேட்போரின் சுவையும் விற்பனையும் இசையின் வடிவத்தையே மாற்றின. 1950களின் பிற்பகுதியில் டென்னசியின் நாஷ்வில் நகரில் இசைத் தயாரிப்பாளர்களான செட் அட்கின்ஸும் ஓவன் பிராட்லியும் நாட்டுப்புறப் பாணியில் வாசிக்கும் பிடிலின் இடத்தில் மெல்லிசைப் பாணி வயலின் குழுவையும் பின்னணிக் குரல்களையும் சேர்த்தது நகரத்து வானொலி நேயர்களை எண்ணித்தான்.

ஆயினும் எல்லைக்கோடு நிலையானதன்று. கார்ட்டர் குடும்பத்தின் பாடல்கள் சிலவற்றை, எழுதியவர் யாரென்று அறியாமலே, இறுதிச் சடங்குகளிலும் குடும்பக் கூடல்களிலும் தங்கள் விருப்பம்போல் அடிகளை மாற்றி மக்கள் பாடுகிறார்கள். அவ்வாறு பாடப்படும்போது அவற்றை நாட்டுப்புறப் பாடல்களாகவே நான் கொள்கிறேன்.