ஜெர்மானியம் டிடெக்டருக்கு ஏசி போதாதா, திரவ நைட்ரஜன் எதற்கு?

காமா கதிரை அளக்கும் கருவிதான் ஜெர்மானியம் டிடெக்டர். "ஏசி அறையில்தானே டிடெக்டர் இருக்கிறது, அப்புறம் ஏன் வாராவாரம் நைட்ரஜன் ஊற்றுகிறார்கள்?" என்பது கேள்வி. நெல்லை மாவட்டத்து உவரி, குட்டம் பக்கத்துக் கடற்கரை மணலை இந்த டிடெக்டரில் வைத்து அளந்த பழக்கத்தில் சொல்கிறேன்.

கருவி சூடாகிப் பழுதாகும் என்பதற்காக அல்ல. மணலில் உள்ள தோரியத்தின் வழிவந்த தாலியம்-208 விடும் காமா கதிருக்கு 2614 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல். அது முழுசாக ஜெர்மானியத்துக்குள் அடங்கினால் சுமார் 8.8 லட்சம் எலக்ட்ரான்கள் கிளம்பும். நாம் அளக்க வேண்டியது அவ்வளவுதான். ஆனால் சாதாரண அறை வெப்பத்தில், எந்தக் கதிரும் படாமலே, சுத்தமான ஜெர்மானியத்தில் ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் 24 லட்சம் கோடி எலக்ட்ரான்கள் சும்மா திரிகின்றன. ஆனித் தேரோட்டக் கூட்டத்தில் ஒருத்தர் தும்மலைத் தேடுகிற கதை!

நம்மூர் 40 டிகிரியை ஏசி போட்டு 20 ஆக்கினாலும் இந்தக் கூட்டம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகும், அவ்வளவே. திரவ நைட்ரஜனின் மைனஸ் 196 டிகிரியை ஒட்டிப் போனால்தான் ஒழியும். அதுவரை, எலக்ட்ரான்களைத் திரட்டும் உயர் மின்னழுத்தத்தைக் கொடுக்கவே கூடாது. திரிகிற எலக்ட்ரான்களால் வரும் கசிவு மின்னோட்டம், சிக்னலைப் பெருக்கும் ப்ரீஆம்ப்ளிஃபயரைப் பதம் பார்த்துவிடும்.

வெளிச்சமும் இதே வம்புதான். ஜெர்மானியத்தில் எலக்ட்ரானைக் கிளப்ப 0.7 எலக்ட்ரான் வோல்ட் போதும். கண்ணுக்குத் தெரிகிற ஒளியிலோ ஒவ்வொரு துகளுக்கும் 1.7க்கு மேல் உண்டு. அதனால்தான் படிகத்தை அலுமினிய மூடிக்குள் இருட்டில் வைக்கிறார்கள்.

எல்லாவற்றுக்கும் இந்தப் பாடு கிடையாது. சோடியம் அயோடைடு என்ற இன்னொரு வகை டிடெக்டர் அறை வெப்பத்திலேயே ஓடும். என்ன, சீசியம்-137இன் 662 கிலோ எலக்ட்ரான் வோல்ட் கதிருக்கு வரைபடத்தில் எழும் முகடு அதில் 45 கிலோ எலக்ட்ரான் வோல்ட் அகலத்துக்குப் பரந்து கிடக்கும். ஜெர்மானியத்தில் இரண்டுக்குள் அடங்கும். இரவு வானத்தின் மங்கலான ஒளிர்வைப் படமெடுக்கும் கேமராக்களின் சிசிடிக்கு (ஒளியை உணரும் சில்லு) மின்சாரக் குளிர்விப்பே தாராளம்.

மாட்டுக்குச் சினை ஊசி போட வருபவர் கேனில் இருப்பதும் இதே நைட்ரஜன்தான். ஊற்றும்போது தரையில் தவழும் வெள்ளைப் புகை நைட்ரஜன் அல்ல, காற்றின் ஈரம். பயப்பட வேண்டியது கண்ணுக்குத் தெரியாததற்கு: ஒரு லிட்டர் திரவம் சுமார் 700 லிட்டர் வாயுவாகி ஆக்ஸிஜனை வெளியே தள்ளும். கதவு, ஜன்னலைத் திறந்துவைத்துத்தான் ஊற்ற வேண்டும்.

இன்னொன்று, டிடெக்டரின் மூடியும் கழுத்தும் வேர்த்துக் கொட்டினால் உள்ளே இருக்கும் வேக்குவம் (வெற்றிடம்) கெட்டுப்போகிறது என்று அர்த்தம். மின்னழுத்தத்தை மெதுவாக இறக்கி நிறுத்திவிட்டு, வேக்குவம் பம்ப் போட ஆளைக் கூப்பிடுங்கள்.