மாமியின் பார்சலும் 7 கிலோ பையும்

கொழும்பிலிருந்து சிதம்பரம், திருவண்ணாமலை, இந்தப் பக்கம் கதிர்காமம் என்று யாத்திரைக் குழுக்களைப் பல வருடமாக அழைத்துப் போகிறேன். கோவில் வாசலில் பையைத் தூக்க முடியாமல் நின்றுவிடும் பெரியவர்களைப் பார்த்துப் பார்த்தே, சுமையைக் குறைக்கும் வழிகளை எல்லாருக்கும் சொல்லத் தொடங்கினேன். இந்த மாதம் வந்த கேள்விகள் சில:

மகளின் பிரசவத்துக்கு லண்டன் போகிறேன். 30 கிலோ கொண்டுபோகலாம். என்னுடைய உடுப்பு 10 கிலோகூட வராது. ஆனால் தெரிந்தவர்கள் எல்லாரும் பார்சலோடு வருகிறார்கள். மறுத்தால் கோபிப்பார்களே? (வெள்ளவத்தை)

அக்கா, முதலில் வெறும் சூட்கேஸை நிறுத்துப் பாருங்கள். பெரிய சூட்கேஸ் சிலது காலியாகவே 5 கிலோ வரும். கொக்கி வைத்த சின்ன டிஜிட்டல் தராசு புறக்கோட்டையில் கிடைக்கும், ஒன்று வாங்கி வையுங்கள்.

பார்சலோடு வருபவர்களிடம், "மகளுக்கான சாமான் கட்டி முடிந்த பிறகு இடம் இருந்தால் சொல்கிறேன்" என்று இப்போதே சொல்லிவிடுங்கள். கடைசி இரவில் மறுத்தால்தான் மனம் நோகும். மிளகாய்த்தூளும் ஒடியல் மாவும் டூட்டிங், ஈஸ்ட் ஹாம், வெம்பிளித் தமிழ்க் கடைகளில் வாங்கலாம். வீட்டில் வறுத்து இடித்த தூள் என்றால் அது வேறு, அதை மகளுக்காகக் கொண்டுபோங்கள். இறைச்சி, நெய், பாற்கோவா எதையும் இங்கிருந்து பிரித்தானியாவுக்குள் கொண்டுபோக விடமாட்டார்கள்.

ஒட்டி மூடிய பார்சலை மட்டும் யார் தந்தாலும் வாங்க வேண்டாம். பையை நீங்களே அடுக்கினீர்களா என்று விமான நிலையத்தில் கேட்டால் உண்மையாக "ஓம்" சொல்ல வேண்டும். எனக்கும் ஒரு அனுபவம் இருக்கிறது. பக்கத்து வீட்டு மாமி தந்த ஊறுகாய்ப் போத்தல் பைக்குள் உடைந்து, அம்மாவின் கூறைச்சேலை வீணானது. எண்ணெய்க் கறை இன்னும் போகவில்லை. அன்றிலிருந்து கண்ணாடிப் போத்தல் யாருக்காகவும் கொண்டுபோவதில்லை.

நண்பனின் கல்யாணத்துக்குச் சென்னை, 4 நாள். 7 கிலோ கைப்பை மட்டும் போதுமா? (கொட்டாஞ்சேனை)

தாராளமாகப் போதும், தம்பி. கோட் சூட்டை விட்டுவிட்டுப் பட்டு வேட்டி, சட்டையோடு போங்கள். சென்னை வெயிலுக்கும் அதுதான் சுகம். ஜீன்ஸையும் சப்பாத்தையும் போட்டுக்கொண்டே விமானம் ஏறுங்கள், பையில் வைத்தால் அவையே ஒன்றரை கிலோவுக்கு மேல் வந்துவிடும். மெல்லிய சேட்டு மூன்று, ஒரு சாரம், உள்ளுடுப்பு. தடித்த துவாய் தேவையில்லை. சாரமே உடுக்க, துடைக்க, போர்க்க உதவும்.

ஷம்பூ, வாசனைத் திரவியம் எல்லாம் 100 மில்லிலீற்றருக்கு மேற்படாத போத்தல்களில், ஒரு லீற்றர் தெளிவான பைக்குள் இருக்க வேண்டும். பாதி முடிந்த 200 மில்லிப் போத்தலையும் வாங்கி வைத்துவிடுவார்கள், போத்தலின் அளவைத்தான் பார்ப்பார்கள். பவர் பேங்க் கையோடுதான் வரவேண்டும். 20,000 எம்.ஏ.எச். என்றால் ஏறக்குறைய 74 வாட்-மணி, பொதுவான எல்லையான 100க்குள் இருக்கிறது. உங்கள் சார்ஜர் சதுர முள் என்றால் அங்கே உருண்டை முள்ளுக்கான அடாப்டர் வேண்டும்.

போகும்போது பை 5 கிலோவைத் தாண்டவிட வேண்டாம். தி.நகர்ப் பக்கம் போய் வெறுங்கையோடு திரும்பியவரை நான் கண்டதில்லை.

பிரஷர், சுகர் மருந்துகளைப் பெரிய பையில் போடலாமா? (பம்பலப்பிட்டி)

வேண்டாம். பெரிய பை வந்து சேராமல் போகலாம். மருந்தைப் பெட்டியோடும் டொக்டரின் சிட்டையோடும் கைப்பையில் வையுங்கள்.

முதல் தடவையாகச் சிவனொளிபாதமலை ஏறப் போகிறேன். முதுகுப்பையில் என்ன இருக்க வேண்டும்? (தெஹிவளை)

மார்கழிப் பௌர்ணமியிலிருந்து வைகாசி வரை சீசன். 2,243 மீற்றர் உயரம், ஆயிரக்கணக்கான படிகள். சூரிய உதயம் பார்க்க இரவில் ஏறுவோம். ஏறும்போது வியர்த்துக் கொட்டும். உச்சியில் அந்த ஈரச் சேட்டோடு காற்றில் உட்கார்ந்தால்தான் நடுக்கம் பிடிக்கும். அதனால் பலரும் மறக்கும் உலர்ந்த சேட்டு ஒன்றைப் பொலித்தீனில் சுற்றி எடுத்துப் போங்கள். காதை மூடும் தொப்பி, காற்றுத் தடுக்கும் மெல்லிய ஜக்கெட், டோர்ச், ஒரு லீற்றர் தண்ணீர், கொஞ்சம் பேரீச்சம்பழம். சீசனில் வழிநெடுகத் தேநீர்க் கடைகள் உண்டு, சோற்றுப் பார்சல் கட்ட வேண்டாம். மற்றதையெல்லாம் அடிவாரத்தில் தங்குமிடத்தில் விட்டுவிடுங்கள். இறங்கும்போது முழங்கால்தான் நோகும், அப்போது ஒவ்வொரு கிலோவும் தெரியும்.

நல்லூர்த் திருவிழாவுக்கு ஒரு வாரம் போகிறோம், இரண்டு பிள்ளைகள். ஆளுக்கொரு பையா? (கொட்டாஞ்சேனை)

குடும்பத்துக்கு ஒரு பையும், பிள்ளைகளுக்குப் பஸ்ஸில் தேவையானதற்கு ஒரு சின்னப் பையும் போதும். ஆண்கள் கோவிலுக்குள் மேலாடையைக் கழற்றித்தான் போக வேண்டும், ஆகவே இரண்டு வேட்டி இருந்தால் சேட்டு அதிகம் தேவைப்படாது. ஆளுக்கு மூன்று சோடி உடுப்பு எடுங்கள், அங்கே தோய்க்கலாம். கொழும்பில் இரண்டு நாளாகியும் ஈரம் போகாத துணி, ஆவணி வெயிலில் யாழ்ப்பாணத்து முற்றத்துக் கொடியில் மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும்.