அழாமல் பிறந்த குழந்தை: மூளை பற்றி வாசகர் கேள்வி பதில்

பிரசவத்துக்கு முன்னும் பின்னும் குழந்தையின் மூளைக்கு ஏற்படும் பாதிப்புகள் பற்றி வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

என் தங்கைக்கு நிறைமாதப் பிரசவம். குழந்தை பிறந்ததும் அழவில்லை. மாஸ்க் வைத்து மூச்சு கொடுத்த பிறகுதான் அழுதான். அன்று முழுக்க அமைதியாகத் தூங்கினான். மறுநாள் ஃபிட்ஸ் வந்துவிட்டது. முதல் நாள் நன்றாக இருந்த பிள்ளைக்கு மறுநாள் எப்படிக் கெடும்? இடையில் ஏதோ தவறு நடந்துவிட்டதாக வீட்டில் பேசிக்கொள்கிறார்கள்.
– வாசகி, திண்டுக்கல்

மறுநாள் வலிப்பு வந்ததை மட்டும் வைத்து அப்படி முடிவு கட்ட முடியாது. மூச்சுத்திணறலால் வரும் மூளை பாதிப்பு இரண்டு கட்டமாக நடக்கிறது. பிரசவ நேரத்தில் பிராணவாயுவும் ரத்த ஓட்டமும் குறையும்போது மூளைச் செல்களில் ஆற்றல் தீர்ந்துபோகிறது. செல்லுக்குள் நீர் புகுந்து வீங்குகிறது, கால்சியம் உள்ளே பாய்கிறது. மூச்சு திரும்பியதும் பல செல்கள் தேறிக்கொள்கின்றன. ஆனால் ஏறத்தாழ 6 மணி நேரம் கழித்து, செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா செயலிழக்கத் தொடங்கி, இரண்டாவது சரிவு வருகிறது. அது ஓரிரு நாள் நீடிக்கும். 1980களில் லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் ஆஸ்மண்ட் ரேனால்ட்ஸ் குழுவினர், பிறந்த குழந்தைகளின் மூளையிலுள்ள பாஸ்பரஸ் சேர்மங்களைக் காந்தக் கருவியால் அளந்து இந்தத் தாமதமான சரிவைக் காட்டினார்கள். வலிப்பு பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான் தலைகாட்டும்.

உங்கள் கடிதத்தில் எங்களுக்கு உறுத்துவது 'அமைதியாகத் தூங்கினான்' என்ற வார்த்தைதான். அழாமல் பிறந்த குழந்தை எழுப்பினாலும் கண் திறக்கவில்லை, விரலை வாயில் வைத்தால் சப்பவில்லை, கையை நீட்டிவிட்டால் மடங்காமல் அப்படியே கிடக்கிறது என்றால் அது தூக்கமில்லை, மூளை மந்தமாகியிருக்கிறது. முதல் 6 மணி நேரம் இதையெல்லாம் மணிக்கொரு தரம் பார்த்துக் குறிக்க வேண்டும். 'எப்படி இருக்கிறான்' என்று பொதுவாகக் கேட்பதைவிட 'சப்புகிறானா, முழிக்கிறானா' என்று நர்ஸிடம் கேட்டால் தெளிவான பதில் கிடைக்கும்.

பச்சிளங்குழந்தையின் வலிப்பு பெரியவர்களுக்கு வருவதுபோல் இருக்காது. கால் சைக்கிள் மிதிப்பதுபோல் சுற்றும், உதடு சப்புக்கொட்டும், கண் ஒரு பக்கமாக நிலைகுத்தும், மூச்சு சில விநாடி நிற்கும். கைகால் வெறுமனே நடுங்குகிறதா, வலிப்பா என்று சந்தேகம் வந்தால் அந்தக் கையை மெதுவாகப் பிடித்துப் பாருங்கள். பிடித்ததும் நின்றால் பெரும்பாலும் நடுக்கம். உங்கள் பிடிக்குள்ளும் வெட்டிக்கொண்டே இருந்தால் வலிப்பு. மருத்துவமனையில் முதலில் பார்க்க வேண்டியது ரத்தச் சர்க்கரை. அது டெசிலிட்டருக்கு 45 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினாலும் வலிப்பு வரலாம், குளுக்கோஸ் ஏற்றியதும் சரியாகலாம். சர்க்கரையைச் சோதிக்காமல் நேராக வலிப்பை அடக்கும் ஃபீனோபார்பிட்டோன் மருந்தைப் போடுவது சரியான வரிசை அல்ல.

வெளிநாட்டில் இப்படிப்பட்ட குழந்தைகளைக் குளிர்வித்துக் காப்பாற்றுகிறார்களாமே? எங்கள் ஊர் நர்ஸிங் ஹோமில் ஐஸ் பை வைத்துச் செய்ய முடியாதா?
– வாசகர், கரூர்

செய்யக் கூடாது. காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

முன்சொன்ன இரண்டாவது சரிவைத் தடுப்பதுதான் குளிர்விப்பதன் நோக்கம். 36 வாரம் நிறைந்த குழந்தை, பத்தாவது நிமிடத்திலும் அப்கார் மதிப்பெண் (பிறந்த குழந்தையின் மூச்சு, துடிப்பு, நிறம் முதலியவற்றுக்கு 10க்குத் தரும் மதிப்பெண்) 5 அல்லது அதற்குக் கீழ், அல்லது தொப்புள்கொடி ரத்தத்தின் பிஎச் (அமிலத்தன்மையின் அளவு, குறையக் குறைய அமிலம் அதிகம்) 7.0 அல்லது அதற்குக் கீழ், அதோடு மூளை மந்தமானதற்கான அறிகுறிகள்: இவை இருந்தால் பிறந்த 6 மணி நேரத்துக்குள் உடல் வெப்பத்தை 33.5 டிகிரி செல்சியஸுக்கு இறக்கி, 72 மணி நேரம் அங்கேயே நிறுத்துவார்கள். மலக்குடலில் வைத்த ப்ரோப் இடைவிடாமல் வெப்பத்தைக் காட்டிக்கொண்டிருக்கும், மெத்தையில் ஓடும் நீரை இயந்திரம் அதற்கேற்ப மாற்றும். திரும்பச் சூடேற்றுவது மணிக்கு அரை டிகிரிக்கு மேல் போகக் கூடாது. அவசரப்பட்டால் ரத்த அழுத்தம் இறங்கும், நின்றிருந்த வலிப்பு திரும்ப வரும். ஐஸ் பையில் இந்தக் கட்டுப்பாடு கிடைக்காது. வெப்பம் 32க்குக் கீழே நழுவினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும், ரத்தம் உறைவது கெடும். ஐஸ் பட்ட தோலே புண்ணாகும்.

2005இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், இறப்பு அல்லது கடும், நடுத்தரக் குறைபாடு என்ற விளைவு 62 சதவீதத்திலிருந்து 44 சதவீதமாகக் குறைந்தது. அதன்பின் பணக்கார நாடுகளில் இதுவே வழக்கமான சிகிச்சையாகிவிட்டது. நம் பக்கத்துக் கதை வேறு. சென்னை மருத்துவக் கல்லூரி உட்பட இந்தியா, இலங்கை, வங்கதேசத்தின் 7 பெரிய பச்சிளங்குழந்தைப் பிரிவுகளில், லண்டன் இம்பீரியல் கல்லூரியின் சுதின் தய்யில் தலைமையில் 'ஹீலிக்ஸ்' ஆய்வு நடந்தது. மொத்தம் 408 குழந்தைகள். முறையான இயந்திரம், பயிற்சி பெற்ற ஊழியர்கள் எல்லாம் இருந்தும், 2021இல் வந்த முடிவு பலரையும் அதிரவைத்தது. இறப்பு அல்லது குறைபாடு, குளிர்வித்தவர்களில் 50 சதவீதம், குளிர்விக்காதவர்களில் 47. இறப்பை மட்டும் பார்த்தால் முறையே 42, 31 சதவீதம். அதாவது உயிரிழப்பு கூடியிருந்தது.

ஏன் இப்படி? பிரசவத்தின் கடைசி நிமிடங்களில் திடீரென்று நேரும் திணறலுக்குத்தான் குளிர்விப்பு உதவும். நம் நாட்டில் பல குழந்தைகளுக்குப் பாதிப்பு அதற்கு மணிக்கணக்கில் முன்பே, நீண்ட பிரசவ வலியின்போது விட்டுவிட்டு நடந்திருக்கலாம். வயிற்றில் இருக்கும்போதே வளர்ச்சி குன்றியிருக்கலாம், கிருமித்தொற்று சேர்ந்திருக்கலாம். இரண்டாவது சரிவு ஏற்கனவே தொடங்கிவிட்ட பிறகு குளிர்வித்துப் பயனில்லை. இந்தச் சிகிச்சையை எங்கே தரலாம் என்று நம் மருத்துவர்களிடையே விவாதம் இன்னும் ஓயவில்லை. வென்டிலேட்டர், மூளையின் மின்னலைகளைப் பதியும் இஇஜி, ரத்த வாயுச் சோதனை மூன்றும் 24 மணி நேரமும் இல்லாத இடத்தில் இதைத் தொடவே கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து.

சின்ன மருத்துவமனையில் கட்டாயம் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. மூச்சுத்திணறிய குழந்தைக்கு வெப்பம் ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். குழந்தையைச் சூடாக வைக்கும் வார்மர் கருவியின் உணரி தோலிலிருந்து கழன்றுவிட்டால் கருவி குழந்தை குளிர்ந்துவிட்டதாக நினைத்து முழு வேகத்தில் சூடேற்றும். குழந்தை 38, 39 டிகிரிக்குப் போய்விடும். காயப்பட்ட மூளைக்கு அந்தச் சூடு மேலும் கேடு. 36.5க்கும் 37.5க்கும் இடையில் வைத்திருப்பது எந்தச் செலவும் இல்லாத பாதுகாப்பு.

ஃபோலிக் ஆசிட் மாத்திரையை மூன்றாம் மாதம் முதல் சாப்பிட்டால் போதும்தானே?
– வாசகி, சிவகாசி

போதாது. மூளையும் முதுகுத்தண்டும் உருவாகும் நரம்புக்குழாய், கரு உண்டான 28 நாளுக்குள் மூடிவிடும். நாள் தள்ளிப்போனதே அப்போதுதான் தெரிந்திருக்கும். கருத்தரிப்பதற்கு ஒரு மாதம் முன்பே தினம் 400 மைக்ரோகிராம் தொடங்க வேண்டும். முந்தைய குழந்தைக்கு நரம்புக்குழாய்க் குறை இருந்திருந்தால் அளவு 10 மடங்கு, 4 மில்லிகிராம். இந்த அளவு மறுபடி வருவதை 72 சதவீதம் தடுத்ததை 1991இல் பிரிட்டிஷ் ஆய்வு காட்டியது. பெரிய அளவை மருத்துவர் எழுதித்தந்த பிறகே எடுங்கள்.

30 வாரத்தில் பிறந்த என் மகளுக்குத் தலை ஸ்கேனில் 'கிரேடு 2 ரத்தக்கசிவு' என்று எழுதியிருக்கிறார்கள். ஆயுசுக்கும் பாதிப்பு இருக்குமா?
– வாசகி, நாகர்கோவில்

கிரேடு 1, 2 வந்த குழந்தைகளில் பெரும்பாலோர் நன்றாக வளர்கிறார்கள். மூளையின் நீர் அறைகளை ஒட்டி, புதிய நரம்புச் செல்கள் பிறக்கும் ஒரு திசு இருக்கிறது. அதன் ரத்தக்குழாய்கள் காகிதம்போல் மெலிசு. 32 வாரத்துக்குப் பின் அந்தத் திசு சுருங்கி மறையத் தொடங்கும், அதற்கு முன் பிறந்தால்தான் கசிவு அபாயம் அதிகம். கசிவு அறைக்குள் எட்டிப்பார்த்து, அறையை வீங்கவைக்காமல் நின்றால் கிரேடு 2. (இந்தத் திசு வளரும் காலத்து மூளையைத்தான் சென்னை ஐஐடி ஆய்வாளர்கள் 14 முதல் 24 வாரக் கருக்களில் 5,132 மெல்லிய சீவல்களாகப் படமெடுத்து, 'தரணி' என்ற பெயரில் 2024இல் யாவரும் பார்க்கும்படி வெளியிட்டார்கள்.)

இப்போது நீங்கள் கவனிக்க வேண்டியது தலைச் சுற்றளவு. நீளாத டேப்பைப் புருவத்துக்குச் சற்று மேலேயும் பின்மண்டையில் அதிகம் புடைத்த இடத்திலும் வைத்து வாரம் ஒருமுறை அளந்து எழுதுங்கள். குறைமாதக் குழந்தைக்கு வாரம் ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் கூடுவது இயல்பு. 2 சென்டிமீட்டரை நெருங்கினாலோ உச்சிக்குழி இறுகி உப்பினாலோ உடனே ஸ்கேன் வேண்டும். முதல் ஸ்கேனோடு நிறுத்திவிடாமல், குழந்தை கர்ப்பக் கணக்கில் 40 வாரத்தை எட்டும்போது இன்னொன்று கேட்டு வாங்குங்கள். மூளையின் வெள்ளைப் பகுதியில் நீர்க்கட்டிகள் விழுந்திருந்தால் சில வாரம் கழித்துத்தான் தெரியும்.

அடுத்த கருவும் முந்திக்கொண்டால், 32 வாரத்துக்குள் பிரசவம் நெருங்கும்போது தாய்க்கு மெக்னீசியம் சல்ஃபேட் 4 கிராமை 20 முதல் 30 நிமிடத்தில் ரத்தக்குழாயில் ஏற்றி, பிறகு மணிக்கு 1 கிராம் தொடர்வது குழந்தைக்கு மூளை முடக்குவாதம் (மூளை பாதிப்பால் கைகால் இயக்கம் கெடும் செரிப்ரல் பால்ஸி) வரும் வாய்ப்பைக் குறைக்கிறது. ஏற்றும்போது முட்டி அனிச்சை (முட்டிக்குக் கீழே தட்டினால் கால் உதறுவது), மூச்சு எண்ணிக்கை, சிறுநீர் அளவு மூன்றையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அனிச்சை மறைந்தால் மருந்தை நிறுத்த வேண்டும். மாற்று மருந்தான கால்சியம் குளுகோனேட் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

மஞ்சள் காமாலைக்குக் காலை வெயிலில் காட்டினால் போதும் என்கிறார் மாமியார். சரியா?
– வாசகி, ஈரோடு

வெயிலை நம்பி நாள் கடத்தாதீர்கள். காமாலையில் மஞ்சள் நிறம் தரும் பிலிரூபினைக் கரைக்கும் நீல ஒளி வெயிலில் உண்டுதான், ஆனால் போதிய அளவு கிடைக்கக் குழந்தையை வெறும் உடம்போடு நெடுநேரம் காட்ட வேண்டும், அதில் உடல் சுடும் அல்லது குளிரும். பிலிரூபின் மூளையில் படிந்தால் காது கேளாமையும் கைகால் முறுக்கமும் நிரந்தரம். முதல் 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தாலோ, உள்ளங்கால் வரை பரவினாலோ, குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ அன்றைக்கே ரத்தப் பரிசோதனை. இன்னொன்று: பீரோவில் அந்துருண்டை போட்டு வைத்த பழைய துணியைப் பிறந்த குழந்தைக்குச் சுற்றாதீர்கள். ஜி6பிடி நொதி குறைந்த குழந்தைக்கு அந்த வாசனையே சிவப்பணுக்களை உடைத்துக் காமாலையை ஏற்றிவிடும்.

பாதிப்பு இருக்கிறதா என்று தெரிய ஒரு வயது வரை காத்திருக்கச் சொல்கிறார்கள்.
– வாசகர், மட்டக்களப்பு

அவ்வளவு நாள் தேவையில்லை. பிரசவத் தேதிக் கணக்குப்படி 12 முதல் 16 வார வயதில் ஆரோக்கியமான குழந்தையின் கழுத்து, மணிக்கட்டு, இடுப்பு, கணுக்கால்களில் சின்னச் சின்ன வட்ட அசைவுகள் இடைவிடாமல் ஓடும். ஆஸ்திரிய மருத்துவர் ஹைன்ஸ் பிரெக்டல் கண்டறிந்த இந்த அசைவுகள் அறவே இல்லையென்றால் மூளை முடக்குவாதத்துக்கு வாய்ப்பு மிக அதிகம். செல்போனிலேயே படமெடுக்கலாம். பால் குடித்து முழித்திருக்கும் நேரத்தில், கைகால் தெரியும்படி மெல்லிய உடையில் மல்லாக்கப் படுக்கவைத்து, தலை முதல் கால் வரை தெரியும்படி மேலிருந்து 3 முதல் 5 நிமிடம் எடுங்கள். பொம்மை காட்டவோ பேச்சுக் கொடுக்கவோ கூடாது. அழுகை, விக்கல், வாயில் நிப்பிள் எது இருந்தாலும் படம் பயன்படாது. 30 வாரத்தில் பிறந்த குழந்தைக்கு 10 வாரத்தைக் கழித்துக் கணக்கிடுங்கள், அதாவது பிறந்து 22 முதல் 26 வாரத்தில் எடுக்க வேண்டும். படத்தை இந்த அசைவுகளைப் படிக்கப் பயிற்சி பெற்றவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

கூடவே குழந்தையின் நரம்பு மண்டலத்தைப் பார்க்கும், 26 அம்சங்கள் கொண்ட ஹாமர்ஸ்மித் பரிசோதனையும் எம்ஆர்ஐயும் சேர்ந்தால் 5 மாதத்துக்குள்ளேயே தெளிவான பதில் கிடைக்கும். ஒரு வயதுக்கு முன்பே குழந்தை எப்போதும் ஒரே கையை நீட்டிப் பொருளை எடுத்தால், 'இடக்கைப் பழக்கம்' என்று விட்டுவிடாமல் மற்றக் கையைக் காட்டிப் பரிசோதியுங்கள். பயிற்சியைத் தொடங்க உறுதியான நோய்ப்பெயருக்காகக் காத்திருக்க வேண்டாம், சந்தேகம் போதும். உங்கள் மாவட்டப் போதனா வைத்தியசாலையின் குழந்தை நலப் பிரிவில் படத்தோடு போய்க் கேளுங்கள். தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு, அரசு மருத்துவமனை வளாகங்களில் இயங்கும் மாவட்டத் தொடக்கநிலைத் தலையீட்டு மையங்களில் இது இலவசம்.