பாதத்தைத் தூக்கச் சொன்னீர்களா?

கேள்வி: வீட்டு மாடியில் தையல் வகுப்பு நடத்துகிறேன். மிஷினில் நூல் கோர்ப்பதைப் பத்துப் படிகளாக எழுதி ஜெராக்ஸ் கொடுத்தேன். அப்படியும் தினம் நூல் சிக்குகிறது, "அக்கா, கொஞ்சம் வாங்க" என்கிறார்கள். எழுதியதில் என்ன குறை?
– வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: நீங்கள் அனுப்பிய தாளைப் படித்தேன். கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது. ஆனால் நூல் கோர்க்கும்போது பாதத்தை, அதாவது ஊசிக்குக் கீழே துணியை அழுத்திப் பிடிக்கும் பாகத்தை, தூக்கி வைக்க வேண்டும் என்று எங்கேயும் இல்லையே அம்மா! உங்கள் கை அதைத் தானாகச் செய்துவிடுகிறது, எழுதத் தோன்றவில்லை. பாதம் இறங்கியிருந்தால், நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகள் இரண்டும் ஒட்டிக்கொள்ளும், நூல் நடுவில் உட்காராது. தைத்துத் திருப்பினால் துணிக்கு அடியில் நூல் கூடு கட்டியிருக்கும். பாவம், அந்தப் பெண் அடிநூல் சுற்றிய பாபினைக் கழற்றிக் கழற்றி மாட்டுவாள்.

இதில் நானும் யோக்கியன் இல்லை. கடலூரில் லேத் (இரும்பைச் சுழலவிட்டுக் கடையும் மிஷின்) சொல்லிக்கொடுத்த காலத்தில், "சக்கில் மாட்டி இறுக்கவும், மோட்டாரைப் போடவும்" என்று போர்டில் எழுதினேன். சக் என்பது இரும்பைக் கவ்விக்கொண்டு சுழலும் பிடி; அதை இறுக்கிய சாவியை வெளியே எடுக்கச் சொல்லவில்லை. ஒரு பையன் எழுதியதை எழுதியபடியே செய்தான். சாவி பறந்து தகரக் கதவில் அடித்தது. யார் மேலும் படவில்லை, பாடலீஸ்வரர் புண்ணியம்.

இரண்டாம் உலகப் போரின்போது, 1940 முதல் 1945 வரை, அமெரிக்காவில் தொழிற்சாலைகளுக்குப் புது ஆட்களைப் பழக்க ஒரு திட்டம் நடந்தது. சொல்லிக்கொடுக்கப் போகிறவர்களுக்கு முதலில் விளக்கு ஒயரில் போடும் ஒரு முடிச்சை வாயால் மட்டும் சொல்வார்கள். வராது. அப்புறம் பேசாமல் போட்டுக் காட்டுவார்கள். அதுவும் வராது. சொல்லிக்கொண்டே காட்டி, அவர்களையே சொல்லிச் செய்ய வைத்தால்தான் வரும். அந்தத் திட்டத்தில் வேலையை எழுதும் தாளில் என்ன செய்வது, எங்கே கவனம் என்று பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கட்டம். நான் 'ஏன்' என்று ஒன்றைச் சேர்த்துக்கொள்வேன்: "பாதத்தைத் தூக்கு; தட்டு திறந்தால்தான் நூல் உள்ளே போகும்."

சரி, நாளைக்கு மிஷினைத் தொட்டே பார்க்காத பெண்ணிடம் தாளைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். வாயைத் திறக்கக் கூடாது, கஷ்டம்தான். அவள் கை நிற்கும் இடத்திலும், உங்கள் முகத்தைப் பார்க்கும் இடத்திலும் பென்சிலால் புள்ளி வையுங்கள். அங்கெல்லாம் ஒரு படி விட்டுப்போயிருக்கும். பத்துப் படி பதினாலானாலும் பரவாயில்லை.

கேள்வி: செல்போனில் வீடியோ எடுத்து அனுப்பினால் போதாதா?
– வாசகர், கடலூர் ஓ.டி.

பதில்: எடுங்கள். ஆனால் எதிரில் நின்று எடுக்காமல், தைப்பவரின் தோளுக்குப் பின்னாலிருந்து எடுங்கள். இல்லாவிட்டால் இடம் வலம் குழம்பிவிடும். தாளையும் சுவரில் ஒட்டிவிடுங்கள். ஒரு கையில் நூல், ஒரு கை சக்கரத்தில். வீடியோவை நிறுத்த மூன்றாவது கைக்கு எங்கே போவது?